வேங்கட நாட்டில் துருத்திப் பெட்டி

தோற்றுவாய்

வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையெனப் பழம்புலவர் குறித்தனர். எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கு ஒரு நன்மை உண்டு. இரு மொழியின் இசையும் அவர் செவியில் விழும். சித்தூர் 1911-ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது இம்மாவட்டம் அதனைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாற்றி வரையப்பட்டன. ஆயினும் ஊர்த்திருவிழாவில் இரவெல்லாம் ஒலித்த பெட்டி அக்கோடுகளை அறிந்ததில்லை. தமிழ்ப் பாட்டுக்கும் தெலுங்குப் பத்தியத்துக்கும் ஒரே பெட்டி, ஒரே விரல்கள் உடன் நின்றன. அப்பெட்டியின் வரலாற்றை, கிடைத்த அளவில் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. எம் அலுவலகத்து நண்பர் ஒருவர், உணவு இடைவேளையில், தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அயர்லாந்து நாட்டு முதியவர் ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் நாற்காலியில் அமர்ந்து, ஆறு பக்கம் கொண்ட சிறு பெட்டி ஒன்றை இரு கைகளாலும் இழுத்தும் அமுக்கியும் வாசித்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் கான்சர்டினா என்றார் நண்பர். அவ்வொலியைக் கேட்டதும் எமக்குச் சிறு பருவத்தில் எம் ஊர்த் திரௌபதியம்மன் கோயில் முன்றிலில் கேட்ட ஆர்மோனியத்தின் ஒலியே நினைவுக்கு வந்தது. கடல்களுக்கு அப்பாலுள்ள கருவிக்கும் எம்மூர்ப் பெட்டிக்கும் குரல் ஏன் ஒத்திருக்கிறது என்னும் வினா அன்று எழுந்தது.

ஒரே தாயின் மக்கள்

விடை எளிது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பித்தளை நாக்கு ஒன்றின் ஒரு முனையைத் தகட்டில் இறுக்கி, மறுமுனையைத் தகட்டின் பிளவுக்குள் தடையின்றி ஆடுமாறு விட்டு, துருத்தியின் காற்றை அதன் வழியே செலுத்தினால் நாக்கு அதிர்ந்து ஒலி எழும். நாக்கின் நீளமும் தடிப்பும் சுருதியை வகுக்கும். நுனியைச் சற்றே அரத்தால் தேய்த்தால் சுருதி ஏறும். அடியைத் தேய்த்தால் இறங்கும். பெட்டி பழுது பார்ப்போர் இன்றும் இம்முறையாலேயே சுருதி கூட்டுகின்றனர்.

இக்குடும்பத்தின் மூத்த உறுப்பு ஐரோப்பாவில் பிறந்ததன்று. சீன நாட்டின் ஷெங் என்னும் மூங்கிற்குழல் கருவியில் இவ்வகை நாக்குப் பன்னெடுங்காலமாக வழங்கி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கருவி ஐரோப்பிய அறிஞர் கைக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்கே ஆராய்ச்சிகள் பெருகின. 1829-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் சிரில் டெமியன் அக்கார்டியனுக்கு உரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே இலண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் நாக்குடைய ஊதுகருவி ஒன்றுக்கு உரிமை பெற்று, அதனை மேலும் திருத்தி, 1844-இல் கான்சர்டினாவுக்கு உரிமை பெற்றார். பள்ளியில் இயற்பியல் பயின்றோர் எவரும் வீட்ஸ்டன் பெயரை மறந்திரார். மின்தடையை அளக்கும் சமனச்சுற்று அவர் பெயரால் வழங்குகிறது. மின்தந்தி கண்ட முன்னோடிகளுள்ளும் அவர் ஒருவர். 1842-இல் பாரிசு நகரில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமை பெற்றார். பதினைந்தாண்டு எல்லைக்குள் இவ்வுடன்பிறப்புகள் யாவும் உலகைக் கண்டன.

ஐரோப்பிய ஆர்மோனியம் காலால் மிதித்து, நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் வாசிக்கப்படுவது. கிறித்தவ மறைப்பணியாளர் அதனைத் தம்முடன் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். பெரிய குழலிசைக் கருவியை ஏற்றிக்கொண்டு வர இயலாத இடங்களில் இது போதியதாயிற்று. ஆர்க்காட்டு மிஷன் என்னும் அமெரிக்கச் சபை 1853-இல் அமைந்தது. சித்தூரும் மதனப்பள்ளியும் அதன் பணித்தளங்களாயின.

பெட்டி தரைக்கு இறங்கிய கதை கல்கத்தாவில் நிகழ்ந்தது. 1875-ஆம் ஆண்டையொட்டி, துவாரகாநாத் கோஷ் என்பார் துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்தி, இடக்கையால் காற்றும் வலக்கையால் இசையுமாக, சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்குமாறு அதனை மாற்றியமைத்தார். இந்நாட்டுப் பாடகர் தரையில் அமர்பவர். ஒரு வரிசைப் பண் போதும் அவர்க்கு. ஒத்திசைக் கூட்டங்கள் வேண்டா. இத்தேவைகள் அனைத்தும் அம்மாற்றத்தில் நிறைவேறின.

கான்சர்டினா இங்கே ஏன் வேரூன்றவில்லை என்பதற்கும் விடை இதனுள் உண்டு. இரட்சணிய சேனையார் தெருமுனைப் பாடல்களுக்குக் கான்சர்டினாவைப் பெரிதும் விரும்பினர். அவர்கள் 1882-இல் இந்தியா வந்தனர். ஆயினும் அக்கருவி இரண்டு கைகளையும் முழுதும் வேண்டுவது. அதன் ஒரு வகையில் இழுக்கும்போது ஒரு சுரமும் அமுக்கும்போது வேறொரு சுரமும் ஒரே பொத்தானில் எழும். வெட்டி வெட்டிச் செல்லும் நடனப் பண்ணுக்கு அது பொருத்தம். நீண்டு நின்று ஓடும் நம் பாட்டுக்குக் காற்று எத்திசையில் சென்றாலும் சுரம் மாறாத பெட்டியே உகந்தது. ஆகவே மூத்தவன் வீட்டோடு தங்கினான். இளையவன் கடலோடு திரும்பினான்.

நாடக மேடையும் கூத்துக் களமும்

ஆர்மோனியத்தை மக்கள் செவிக்குக் கொண்டுசென்றவை நாடகங்கள். பார்சி நாடகக் குழுவினர் ஊர் ஊராகச் சென்றபோது பெட்டியும் உடன் சென்றது. பல்லாரியிலிருந்து சென்னை வந்த தெலுங்கு நாடகக் குழுவைக் கண்ட தூண்டுதலாலேயே 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார் என்பது இரு மொழி நாடகமும் கைகோத்து வளர்ந்தமைக்குச் சான்று. தெலுங்குப் பத்திய நாடகத்தில் பெட்டியின்றி நடிகர் வாய் திறவார். தமிழில் சங்கரதாச சுவாமிகள் யாத்த இசை நாடகங்களுக்கும் பெட்டியே உயிர்நாடி. 1933-இல் இளமையிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் எட்டிய உயரங்களுக்கு ஈடுகொடுத்தவர்களுள் ஆர்மோனிய மேதை காதர் பாட்சாவை நாடக உலகம் மறவாது. ஒரு முகமதியர் இசைக்க, வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் முருகனைப் பாட, ஊர் முழுதும் விழித்திருந்து கேட்டது. இத்தகைய காட்சிகளைக் கண்ட நாடு நம் நாடு.

சித்தூரிலும் நாடகப் பற்று மிகுந்திருந்தது. இங்குள்ள இராம விலாச சபையில் நடித்துப் பெயர் பெற்றமையாலேயே குண்டூர்ப் பகுதியில் பிறந்த நாகையா, சித்தூர் நாகையா எனத் திரையுலகில் வழங்கப்பெற்றார். 1945-இல் வெளிவந்த தமிழ் மீராவிலும் 1946-இல் வெளிவந்த தெலுங்குத் தியாகையாவிலும் அவர் நடிப்பை இரு மொழியாரும் போற்றினர்.

ஆயினும் எம் உள்ளத்தில் நிலைத்து நிற்பது மேடை நாடகமன்று. கோடையில் நிகழும் பாரதத் திருவிழாவே. சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடைபெறும். பகலில் அரிகதை, இரவில் கூத்து. அருச்சுனன் தவத்திற்கு நெடிய மரம் நடுவர். இறுதி நாளில் மண்ணாலான பேருருவத் துரியோதனன் கிடக்க, அவன் வதம் நிகழும், மாலையில் தீமிதி. மத்தளம், தாளம், முகவீணை ஆகியவற்றோடு ஆர்மோனியமும் கூத்தில் இடம்பெறும்.

சிறுவராயிருந்த யாம் கோணியை விரித்து, முன்வரிசையில் இடம் பிடித்து, பாதி இரவில் உறங்கிவிடுவோம். விழித்தெழும் போதெல்லாம் வேடதாரி மாறியிருப்பார், கதை மாறியிருக்கும், பெட்டிக்காரர் மட்டும் அதே இடத்தில் அமர்ந்திருப்பார். திரௌபதி தமிழில் புலம்பினாலும் தெலுங்கில் புலம்பினாலும் அவர் விரல் தடுமாறுவதில்லை. பாடுவோர் சுருதி விலகினால் ஒரு கட்டையை அழுத்தமாகத் தொட்டு அவரைத் திருப்பிக் கொணர்வார். அடி மறந்தவர்க்கு அடுத்த அடியின் தொடக்கத்தை விரலால் நினைவூட்டுவார். விடியற்காலையில் அவர்க்குக் கிடைக்கும் சன்மானம் வேடம் கட்டியவரினும் குறைவென்பதைப் பின்னரே அறிந்தோம்.

பழியும் தடையும்

இத்துணைப் பயன்பட்ட கருவிக்கு அறிஞரிடையே நற்பெயர் கிட்டவில்லை. ஆனந்த குமாரசாமி அதனை வெறுத்தெழுதினார். பாரதியாரும் சங்கீத விஷயம் என்னும் தம் கட்டுரையில் அதனைக் கடுமையாகச் சாடினார். இவர்கள் கூற்றில் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஓர் எட்டத்தைப் பன்னிரண்டு சமப் பகுதிகளாகப் பிரிப்பவை. இயற்கையாய் அமையும் அந்தர காந்தாரத்தினும் சமப் பகுப்புக் காந்தாரம் சிறிது உயர்ந்து நிற்கும். அதனினும் பெருங்குறை கமகம் பற்றியது. நம் இசையில் சுரம் என்பது நிலைத்து நிற்கும் புள்ளியன்று; அசைந்தாடும் கொடி. தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையில் அடைத்தல் இயலுமோ?

குறையை நீக்க முயன்றோரும் இருந்தனர். ஆங்கில அதிகாரி கிளெமெண்ட்சும் தேவலும் சுருதி ஆர்மோனியம் ஒன்றனை உருவாக்கினர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சுருதிக் கணக்கையே அடியினின்று ஆராய்ந்து, இருபத்து நான்கு சுருதி முறையை நிறுவ முற்பட்டார். இவ்வாராய்ச்சிகள் நடந்துகொண்டிருக்கும்போதே தீர்ப்பு வேறொரு வாயிலாக வந்தது.

1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் முதலாக அனைத்திந்திய வானொலியில் ஆர்மோனியம் ஒலித்தல் ஆகாதெனத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் இரவீந்திரநாத தாகூர் கல்கத்தா வானொலி நிலையத்தார்க்கு இக்கருவியை விலக்குமாறு கடிதம் எழுதியிருந்தார். இங்கே எம் மாவட்டத்தார்க்கு ஒரு நினைவு தோன்றாமற் போகாது. 1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்பெருமகனார் அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக் கல்லூரியில் தங்கி, பின்னர் நாட்டுப் பண்ணாகிய தம் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதினார். அப்பாடலின் மெட்டினைச் சுரக்குறியீட்டில் அமைத்து உதவியவர் அயர்லாந்திற் பிறந்து இசைப்பட்டம் பெற்ற மார்கரெட் கசின்சு அம்மையார். எம் மண்ணில் தம் பாடலுக்கு அயல்நாட்டார் துணையை உவந்து ஏற்ற கவியரசர், இருபத்தோராண்டு கழித்து அயல்நாட்டுக் கருவியை வேண்டாவென்றார். பண்ணின் தூய்மை கருதியே அவ்வாறு கூறினார் என்பதில் ஐயமில்லை.

அத்தடை விடுதலைக்குப் பின்னும் நீடித்து, 1971-இல்தான் சில வரம்புகளோடு தளர்ந்தது. முப்பத்தோராண்டு! கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்போன்றோர்க்கு இது வியப்பளிப்பதில்லை. சுற்றறிக்கை ஒன்றைப் பிறப்பிக்க ஒரு கையொப்பம் போதும். அதனை விலக்கவோ பல தலைமுறை வேண்டும். ஆணையிட்டவர் ஓய்வு பெற்றுச் சென்றிருப்பார், ஆட்சியே மாறியிருக்கும், அடுத்து அமர்ந்தவர், முன்னுள்ளது நீடிக்க என்றெழுதி மூடிவைப்பார்.

நடுநிலையில் ஒரு நோக்கு

அயல் கருவி என்பதே குற்றமாயின் வயலின் நம் மேடையில் இருத்தலாகாது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் அதனைப் பயின்று நம் இசைக்கு ஆக்கினார். கிளாரினெட்டு ஏ.கே.சி. நடராசன் கையில் நாகசுரத்தின் நிழலாயிற்று. ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்த சீனிவாசு கையில் மாண்டலின் கமகம் பேசிற்று. கத்ரி கோபால்நாத்து சாக்சபோனைப் பணியவைத்தார். கருவியின் குறையைக் கலைஞன் விரல் கடத்தல் கூடும் என்பதற்கு இவர்கள் சான்று. பெட்டி வாசிப்போரும் அடுத்த கட்டையை மின்னலெனத் தொட்டு மீண்டும், துருத்தியின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கமகத்தின் சாயலைக் கொணர்வர். சாயலே அது, முழுமையன்று. ஆயினும் பக்கக்கருவிக்கு அது போதும்.

மற்றொன்று, பெட்டியை வெளியேற்றியோர் அதன் மொழியை வெளியேற்ற இயலவில்லை. இன்றும் பாடகரை எத்தனை கட்டைச் சுருதி என்றே வினவுகிறோம். ஒரு கட்டை, நாலரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்னும் அளவெல்லாம் ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிய அளவே. கச்சேரி மேடையில் இடம்பெற்ற சுருதிப்பெட்டியும் அதே துருத்தி, அதே நாக்கு உடையது. திரையிசையிலோ, மெல்லிசை மன்னர் விசுவநாதன் முதல் இளையராசா வரை பலர் பாடல்களை மெட்டமைக்கப் பெட்டியின் துணையையே நாடினர். பெயரை மறுத்துப் பயனை ஏற்றோம் என்பதே உண்மை.

இழப்பு யாருடையது?

தடையினால் ஆர்மோனியம் அழிந்துவிடவில்லை. கோயிலிலும் பள்ளியிலும் பசனை மடத்திலும் அது வாழ்ந்தது. இழந்தவர் பெட்டிக்காரர். வானொலி நாடெங்கும் கலைஞரை ஒலிப்பதிவு செய்து சேமித்த அம்முப்பதாண்டுகளில் இவர் வாசிப்புக்கு அங்கே இடமில்லை. ஒரு தலைமுறையின் கைத்திறன் காற்றோடு போயிற்று.

அயர்லாந்தின் நிலையை இதனோடு ஒப்பிடுதல் தகும். அங்கே கிளேர் மாவட்டத்தில் கான்சர்டினா உழவர் வீட்டு அடுப்பங்கரைக் கருவி. பெண்டிர் பலர் அதனை வாசித்தனர். அதற்கும் பெருமதிப்பு இருந்ததில்லை. ஆனால் 1950-களில் அந்நாட்டு வானொலியைச் சேர்ந்த கீரன் மக் மஹூனா ஒலிப்பதிவுக் கருவியோடு அச்சிற்றூர்களுக்குச் சென்றார். கில்ரஷ் ஊரில் கணவரோடு மதுக்கடை நடத்திய எலிசபெத் குரோட்டி அம்மையாரின் வாசிப்பைப் பதிவுசெய்து நாடறியச் செய்தார். 1960-இல் அவ்வம்மையார் மறைந்தார், வாசிப்பு மறையவில்லை. பின்வந்த இளைஞர் அதனைக் கேட்டுப் பயின்றனர். ஒரு நாட்டின் வானொலி எளிய கருவியைத் தேடிச் சென்றது. மற்றொரு நாட்டின் வானொலி எளிய கருவிக்குக் கதவடைத்தது. இன்று எம் நண்பர் கைப்பேசியில் அயர்லாந்து முதியவர் வாசிப்பதும், எம்மூர்ப் பெட்டிக்காரரின் அன்றைய வாசிப்பு எங்கும் கிடையாமையும் இவற்றின் விளைவே.

சென்ற கோடையில் எம் ஊருக்குச் சென்றிருந்தபோது அப்பெட்டிக்காரரைக் கண்டோம். எண்பதைக் கடந்தவர், கண்பார்வை மங்கியிருந்தது. கூத்துக்கு இப்போது மின்விசைப்பலகை வாடகைக்கு வருகிறது. கான்சர்டினாக் காணொளியை அவர் செவியருகே வைத்தோம். சிறிது நேரம் தலையசைத்துக் கேட்டவர், "தம்பி, இவர் காற்றை வீணாக்காமல் வாசிக்கிறார், துருத்தி அறிந்தவர்" என்றார். பின்னர், தம் வாசிப்பும் இப்படி எங்கேனும் இருக்கிறதா என்று வினவினார். எம்மால் விடை கூற இயலவில்லை.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். இரண்டு நாக்குகள் ஊமையாயிருந்தன. அவற்றைத் தவிர்த்தே விரல்கள் சென்றன. திரௌபதியின் துயரப் பாட்டு ஒன்றனைத் தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் பாடி வாசித்தார். எம் கைப்பேசியில் பதிந்துகொண்டோம். பதினொரு நிமிடம். அவ்வளவே.

முடிவுரை

வானொலி நிலையத்தின் வாயிலில் காத்திருக்க வேண்டிய காலம் போயிற்று. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இன்று ஒரு பதிவு நிலையம் உள்ளது. தொலைநாட்டார் வாசிப்பைக் கண்டு மகிழ்ந்து பிறர்க்கு அனுப்புகிறோம், அஃது நல்லதே. அயர்லாந்து முதியவரின் வாசிப்பே எம்மூர் முதியவரிடம் எம்மைத் திருப்பி அனுப்பியது. ஆயினும் அதனோடு நில்லாது, சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பாரதம் நடக்கும் ஊர்தோறும் சங்கத்தின் இளைஞர் இருவர் மூவராகச் சென்று, எஞ்சியுள்ள பெட்டிக்காரரின் வாசிப்பைப் பதிதல் வேண்டும். வெறும் ஒலி போதாது. வாசித்தவர் பெயர், ஊர், கற்பித்தவர் பெயர், பாட்டு எந்தக் கட்டத்திற்குரியது, எத்தனை கட்டைச் சுருதி ஆகியவற்றையும் அவர் இசைவோடு எழுதிவைத்தல் வேண்டும். குறிப்பில்லாப் பதிவு முகவரியில்லா மடல் போல்வது.

ஆர்மோனியம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்னும் வழக்கை அறிஞர் தொடர்ந்து நடத்தட்டும். இரவெல்லாம் விழித்திருந்து, இரு மொழிக்கும் சுருதி தந்து, விடியலில் சிறு சன்மானத்தோடு வீடு திரும்பிய மனிதரின் வழக்கில் தீர்ப்பு எழுதப்படவே இல்லை. அவர் மூச்சு உள்ளவரை அவர் துருத்தியிலும் காற்று உண்டு. வரும் கோடைக்குள் புறப்படுவோமாக.